சென்னியம்மாள் வெட்டிய காலணா

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. போன மாசியில் நாமக்கல்லிலிருந்து சேலம் வந்த கரி பஸ்ஸில் இதைப் பறித்துக்கொண்டு வந்தேன்.

யுத்தகாலத்து பஸ் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் கிடையாது. கரியை மூட்டி ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கும். காசு கொடுத்து ஏறியவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது என் பக்கத்தில் தோள் கொடுத்தவர் மயில்சாமி என்கிற ஜேடர்பாளையத்துக்காரர். வாய் ஓயாத மனிதர். தள்ளிக்கொண்டே சொன்னார்:

"ஆறு வருசம் முந்திங்க. என்ற அக்கா பையனுக்கு ஒரு ஊட்ல பொண்ணு இருக்குதுன்னு மூணு பேரு போனமுங்க. மாடு வாங்க வந்தவியளாட்டப் போயி நின்னம். அந்த ஊட்டம்மா ஒரு வாய் தண்ணி குடுக்கலீங்க. வேண்டாம்னு வந்துட்டம். போன வருசம் ஒரு கல்யாணத்துல அந்தம்மாளையே பாத்து, இதெச் சொல்லிச் சிரிச்சனுங்க. அந்தம்மா மூஞ்சி செத்துப்போச்சுங்க. ஏன்னு எனக்கு இன்னமும் தெரியலீங்க."

பஸ் கிளம்பிவிட்டது. அவருக்கு முன்வரிசையில் இடம், எனக்குக் கரியடுப்புக்குப் பக்கத்தில். அவரிடம் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. ஆக, என்னிடம் இருப்பது ஒரே ஒரு முகம். மீதி எல்லாம் நான் கட்டியது. அதனால் எதையும் உடனே நம்பிவிடாதீர்கள்.

(பத்திரிகை ஒன்றின் ஆண்டு மலருக்கு 'வாழ்க்கை கற்றுத்தந்த பாடம்' என்ற தலைப்பில் கதை கேட்டிருந்தார்கள். "முடிவில் பாத்திரம் திருந்தியிருக்க வேண்டும். காகிதத் தட்டுப்பாடு, எட்டுப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்" என்று கடிதம். ஒரு மனுஷி திருந்த எட்டுப் பக்கம்! எனக்கு ஐம்பத்திரண்டு வருஷம் ஆகியும் ஆன பாடில்லை.)

2

முதல் ஆரம்பம்: "கொல்லிமலையின் நீல நிழல் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்த ஒரு" — அடித்துவிட்டேன். மலைக்கும் இந்தக் காரியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது ஆரம்பம்: "சென்னியம்மாள் கெட்டவள் அல்ல." இப்படி ஆரம்பித்தால், அப்படியானால் ஏதோ செய்திருக்கிறாள் என்று நீங்கள் அடுத்த வரிக்குள் சந்தேகப்படுவீர்கள். படுங்கள். அவளும் அப்படித்தான். இதையே வைத்துக்கொள்கிறேன்.

சென்னியம்மாள் கெட்டவள் அல்ல. சேந்தமங்கலத்துக்கு மேற்கே ஓர் ஊர். பெயர் சொல்லமாட்டேன், உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே தங்கசாமியின் பெண்டாட்டி. நாற்பது வயது. பாவாயி என்று ஒரே மகள். உழைப்பாளி, கைசுத்தம், வாய்சுத்தம். ஒரே ஒரு குணம்தான்: யார் எதைச் செய்தாலும் "சும்மா ஆடுமா சோழியன் குடுமி?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. ஒருத்தி சிரித்தால் ஏன் சிரித்தாள், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை. எதற்கும் காரணம் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்த காரணம் தப்பாக இருக்கும் என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

அவளுடைய ஓரகத்தி சௌந்திரம், தங்கசாமியின் தம்பி சின்னுசாமியைக் கட்டியவள். இளையவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மண்சுவர். அந்தச் சுவருக்கு மேலாகத்தான் குழம்பு போகும், பேச்சு வரும்.

1938, தை மாதம். மூன்று பேர் வந்து தொழுவத்தில் நின்றார்கள். காளை விலைக்கு உண்டா என்றார்கள். எருதின் பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள், பல்லைவிட வாசலைத்தான் அதிகம் பார்த்தார்கள். குதிர் எத்தனை, கூரை எப்படி, உள்ளே யார் நடமாட்டம். சென்னியம்மாளுக்குச் சுரீரென்றது. மாடு வாங்குகிறவன் நெல் குதிர்களை ஏன் பார்க்கிறான்? களவு பார்க்க வந்திருக்கிறார்களா? காளைமேல் கண்வைக்க யாராவது அனுப்பினார்களா?

அவர்களில் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தாயி, குடிக்கத் தண்ணி கொஞ்சம் குடுங்க" என்றார்.

"தண்ணியா? தெக்க ஏரி இருக்குதுங்க. மாடும் குடிக்குது, மனுசனும் குடிக்கறாங்க" என்றாள் சென்னியம்மாள்.

(அந்தப் பக்கம் சில குடும்பங்களில் ஒரு வழக்கம். பெண் கேட்டு முறையாக வருவதற்கு முன்னால் ஒருநாள், மாடு பார்க்கிறவர்களாக வந்து வீட்டை நோட்டம் விடுவார்கள். சொல்லிவிட்டு வந்தால் எல்லார் வீடும் மெழுகித்தான் இருக்கும் அல்லவா? சென்னியம்மாளுக்கும் இந்த வழக்கம் தெரியும். அவளைப் பெண் பார்க்கவும் அப்படித்தான் வந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஏன் ஞாபகம் வரவில்லை? மகளுக்குப் பதினாறுதான், அதற்குள் யார் வரப்போகிறார்கள் என்றிருந்தாள். இந்தச் சமாதானம் எனக்கே அரைகுறையாகத்தான் இருக்கிறது.)

மூவரும் வெளியே போனார்கள். பக்கத்து வாசலில் சௌந்திரம் அவர்களைக் கூப்பிட்டு மோர் கொடுத்ததை மண்சுவருக்கு மேலாகச் சென்னியம்மாள் பார்த்தாள். சௌந்திரம் குரலைத் தாழ்த்தி என்னவோ சொன்னாள். சொல்லும்போது இந்த வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். மூவரும் தலையாட்டினார்கள்.

பத்துநாள் கழித்துத் தரகன் வந்தான். "அவிய வந்து பாத்தாங்களாமுங்க, மாடு பாக்கறாப்பல. இப்போதைக்கு வேண்டாமுன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

சென்னியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அதன்பின் எல்லாம் அவளுக்கு வரிசையாக வந்தது: மோர், தாழ்ந்த குரல், நீட்டிய கை, தலையாட்டல். கல்யாணமாகி நாலு வருஷமாகப் பிள்ளையில்லாதவள், என் பிள்ளையின் வாழ்வைப் பார்த்து வயிறெரிந்தாள். வேறென்ன?

இந்த இடத்தை மூன்றுமுறை படித்துப் பார்த்தேன். அவள் வரிசையில் தண்ணீர் இல்லை.

3

சித்திரை அமாவாசையன்று, சென்னியம்மாள் தன் அக்காளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நாலு கல் நடந்து முனியப்பன் கோயிலுக்குப் போனாள். கோயில் என்றால் கூரை கிடையாது. ஒரு கல், ஒரு வேல், ஒரு வன்னிமரம். பூசாரி சடையன்.

அங்கே காசு வெட்டிப் போடுவார்கள். கேட்க நாதியில்லாத குறை உள்ளவர்கள், ஒரு செப்புக் காலணாவைக் கல்மேல் வைத்து உளியால் இரண்டாக வெட்ட வேண்டும். யார்மேல் வெட்டுகிறோம் என்று மனசுக்குள் சொல்ல வேண்டும். அதோடு உறவு அறுந்தது. மீதியை முனியப்பன் பார்த்துக்கொள்வார்.

சென்னியம்மாள் ஒரே அடியில் வெட்டினாள். சடையன் துண்டுகளைப் பொறுக்கி மரத்தடியில் வைத்தான்.

"நல்லா ரோசன பண்ணிக்கிட்டீங்ளா ஆத்தா?" என்றான். "வெட்டறதுக்கு ஒரு ஆளு போதுமுங்க. எடுக்கறதுக்கு ரண்டு ஆளும் வரோணும். வெட்டுனவிய வாய்விட்டுச் சொல்லோணும், அவிய பொறுத்தேன்னு சொல்லோணும்."

"எடுக்கற சோலியே இல்லீங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து, சுவருக்கு மேலாகச் சௌந்திரம் நீட்டிய கீரைக்குழம்பை வாங்கிக்கொண்டாள். உறவு அறுந்தது சௌந்திரத்துக்குத் தெரியாதல்லவா?

4

இங்கே நின்றுவிட்டேன். நாலுநாள் எழுதவில்லை. சென்னியம்மாள்மேல் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு பாத்திரத்தின்மேல் எழுதுகிறவனுக்கு இத்தனை ஆத்திரம் வந்தால், சந்தேகப்பட வேண்டியது எழுதுகிறவனைத்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் கையெழுத்துப் பிரதி ஒன்று காணாமல் போனது. நண்பர் சுவாமிநாதன்தான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டினேன். அவர் முந்தின வாரம் அதைப் படித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று ஒன்றுக்கு இரண்டுமுறை சொன்னார். ஒருமுறை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். இரண்டு வருஷம் அவரைப் பற்றி நாலு பேரிடம் நாலு விதமாகச் சொன்னேன். பிரதி என் டிரங்குப் பெட்டியின் அடியில், காகிதவிரிப்புக்குக் கீழே கிடந்தது. வைத்தவன் நான். அந்த நாலு பேரிடமும் போய்த் திருத்திச் சொன்னேனா? இல்லை. சுவாமிநாதனிடம்? அவருக்குத்தான் எதுவும் தெரியாதே, எதற்கு வீணாக மனசைப் புண்படுத்த வேண்டும் என்று பெரிய மனசோடு விட்டுவிட்டேன். பெரிய மனசாம். வெட்கமாயிருக்கிறது.

அனுபவம் ஆளைத் திருத்தும் என்கிறார்கள். எனக்கு அது கற்றுக்கொடுத்தது பெட்டியை நன்றாகத் தேட வேண்டும் என்பதை மட்டும்தான். சரி, கதைக்குப் போவோம்.

5

அடுத்த வருஷமே பாவாயிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் நல்ல இடம் அமைந்தது. இரண்டு பிள்ளைகள். மாப்பிள்ளை தங்கமான பையன். ஆக, போன சம்பந்தத்தால் ஒரு நட்டமும் இல்லை. வெட்டின காலணா மட்டும் வன்னிமரத்தடியில் கிடந்தது.

சௌந்திரத்துக்கு, காசு வெட்டிய மறுமாதமே, வைகாசியில் ஒரு கரு கலைந்தது. மூன்று மாதம். அதுதான் முதல். சென்னியம்மாள்தான் பக்கத்தில் இருந்து கஷாயம் வைத்துக் கொடுத்தாள். மூன்று வருஷம் கழித்து இன்னொன்று, ஐந்தாம் மாதத்தில் போயிற்று. அதற்கும் சென்னியம்மாள்தான் இருந்தாள்.

1943இல் சௌந்திரம் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஆறாம் மாதம் நடந்தது. வீட்டுக்குள் யாரும் அதைப்பற்றிச் சத்தமாகப் பேசமாட்டார்கள், பேசினால் கலைந்துவிடுமோ என்று.

அப்போதுதான் அந்தக் கல்யாணம். பந்தியில் எதிர் இலையில் மயில்சாமி. யாரோ ஊர்ப்பேர் சொல்லி அறிமுகப்படுத்த, அவர் சிரித்தார்.

"அட, நீங்களா தாயி! உங்க தொழுவத்துல நாங்க வந்து நின்னமே, நெனப்பிருக்குதுங்ளா? தெக்க ஏரி இருக்குதுன்னீங்களே!"

சென்னியம்மாள் கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தாள். "உங்களுக்கு ஆருங்க எங்க ஊட்டப்பத்தித் தப்பாச் சொன்னது?"

"தப்பாவா? ஆரும் சொல்லலீங்க. பக்கத்தூட்டுல ஒரு புள்ள மோரு குடுத்துச்சு. நாங்க ஆருன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. 'எங்க அக்காளுக்குப் பேச்சுத்தானுங்க மொரடு, மனசு வெள்ளை. புள்ள சொக்கத்தங்கமுங்க. இதெ மனசுல வெச்சுக்கிட்டுப் போயிராதீங்க'ன்னு கெஞ்சுச்சு. எங்க மாமன்தான் கேக்கல. தண்ணி குடுக்காத ஊட்ல சம்பந்தமான்னுட்டாரு. போச்சு போங்க, அது அது நேரம்!"

மயில்சாமி என்னிடம் சொன்னாரே, செத்துப்போன முகம், அது இந்த இடத்தில் வருகிறது. கரி பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இனி என் பாடு.

6

பத்திரிகைக்கு இங்கேயே முடித்துவிடலாம். "அன்று சென்னியம்மாள் உணர்ந்தாள், பிறரைச் சந்தேகிப்பவன்" — சீ. அடித்தாயிற்று. உணர்ந்தால் போதுமா? மரத்தடியில் காலணா கிடக்கிறதே. பக்கத்து வீட்டில் ஆறு மாதக்காரி இருக்கிறாளே.

காலணாவுக்கும் கருவுக்கும் ஒரு முடிச்சும் இல்லை என்று நான் சொல்வேன். நீங்களும் சொல்வீர்கள். சென்னியம்மாளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு இப்போது ஒரே எண்ணம்தான்: பிள்ளை பிறக்கிறதற்குள் காசை எடுத்தாக வேண்டும். எடுப்பதென்றால் சௌந்திரம் வர வேண்டும், கேட்க வேண்டும், பொறுக்க வேண்டும். கேட்டபிறகு சௌந்திரம் அவள் முகத்தில் விழிப்பாளா?

முதலில் தனியாகச் சடையனிடம் போனாள்.

"அவ காதுல உளுகாம நான் முணுமுணுன்னு சொல்லிக்கிட்டா ஆகாதுங்ளா?"

"எனக்குக் கேட்டு என்னங்க ஆவுது ஆத்தா? அவியளுக்குக் கேக்கோணும்."

ஆனாலும் சென்னியம்மாள் விட்டபாடில்லை. பிள்ளைக்காகப் பொங்கல் வைக்கப் போகலாம் என்று சௌந்திரத்திடம் சொல்லி, மெத்தென்று வைக்கோல் பரப்பி வண்டி கட்டச் சொன்னாள். அங்கே போய் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். கவனியுங்கள், உண்மை தெரிந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னமும் குறுக்குவழிதான் தேடுகிறாள்.

வண்டியில் சௌந்திரம் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சொன்னாள், "என்ற அம்மா இருந்தாக்கூட எனக்காக இத்தனை பண்ணமாட்டாங்க அக்கா. நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் இந்த ஊட்ல இருக்கறனுங்க."

சென்னியம்மாள் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

கோயிலில் சடையன் கேட்டான்: "என்ன காரியமா வந்தீங்க ஆத்தா?"

இந்தக் கேள்விக்கு நான் மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று. "பொங்கல் வெக்கத்தானுங்க" என்கிறாள் சென்னியம்மாள். பொங்கல் வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிள்ளை பிறந்தால் நிம்மதி, போனால் கஷாயம். நடந்திருந்தால் இப்படித்தான் நடந்திருக்கும் என்று உள்ளூர நம்புகிறேன். நான் நடந்துகொண்டதும் இப்படித்தானே? அதனால்தான் கிழித்தேன்.

இரண்டு. காலில் விழுகிறாள், கதறுகிறாள். சௌந்திரம் தூக்கி அணைத்துக்கொள்கிறாள். அரைமணியில் எழுதி முடித்தேன். அத்தனை சுலபமாக வந்ததை நம்பக் கூடாது.

மூன்று. சௌந்திரம் சிரித்து, "நானும் உங்க மேல ஒரு காசு வெட்டியிருக்கறனுங்க அக்கா" என்கிறாள். ஆகா! இரண்டுநாள் இதை மெச்சிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் உறைத்தது. சௌந்திரத்தையும் குற்றவாளியாக்கிவிட்டால் சென்னியம்மாளின் பாரம் பாதி குறையும். என்னுடையதும் குறையும். அந்தப் பெண் மோர் கொடுத்ததைத் தவிர என்ன செய்தாள், அவள் தலையில் கட்ட?

ஆகவே நான் கையை எடுத்துக்கொண்டேன். நடந்தது இது.

சென்னியம்மாள் வாயைத் திறந்தாள். பொங்கல் என்று சொல்லத்தான் திறந்தாள். "காசு எடுக்க" என்று வந்தது. வண்டியில் கேட்ட பேச்சா, பயமா, இல்லை வெறும் களைப்பா, எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. திருந்தினாள் என்று எழுதமாட்டேன். சொன்னாள் என்று எழுதுகிறேன்.

"ஆரு மேல வெட்டுனது?"

"இவ மேல. என்ற ஓரகத்தி சௌந்திரத்து மேல. பாவாயி சம்பந்தத்தெ இவதான் கெடுத்தாள்னு வெட்டுனேன். கெடுத்தது நானுங்க. தண்ணி கேட்டவியள ஏரிக்குப் போகச் சொன்னவ நான்."

சடையன் சௌந்திரத்தின் பக்கம் திரும்பினான். "மூணு தரம் கேப்பேன் தாயி. நாலாந்தரம் கேக்க எனக்கு அதிகாரமில்லீங்க. பொறுத்துக்கறீங்ளா?"

சௌந்திரம் விளங்காதவள்போல் மரத்தடியையே பார்த்தாள். வெட்டுண்ட செப்புத் துண்டுகள் நிறையக் கிடந்தன. எது தன்னுடையது என்று யாருக்குத் தெரியும்?

"பொறுத்துக்கறீங்ளா தாயி?"

"எந்த மாசமுங்க அக்கா?" என்றாள் சௌந்திரம்.

"சித்திரை."

"எனக்கு வைகாசிலதான் மொதப் புள்ள போச்சு."

"ஆமா கண்ணு."

"நீங்கதானுங்களே கஷாயம் வெச்சுக் குடுத்தீங்க. என்ற தலையப் புடிச்சு மடியில வெச்சுக்கிட்டு." சௌந்திரத்தின் குரல் நடுங்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அன்னிக்கு என்ன நெனச்சீங்க?"

இதைக் கேட்கச் சொல்லிச் சம்பிரதாயம் இல்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. "பாவமா இருந்துச்சு" என்று ஒரு பொய், அவ்வளவுதான். நானே அதை எழுதிக் கொடுக்கத் தயாராக இருந்தேன்.

"சாமி கூலி குடுத்துட்டாருன்னு நெனச்சேன்" என்றாள் சென்னியம்மாள்.

சௌந்திரம் மெதுவாகக் கையை ஊன்றித் தரையில் உட்கார்ந்தாள். உதவிக்கு நீண்ட சென்னியம்மாளின் கையை அவள் பிடிக்கவில்லை. வெறுப்பாலா, பார்க்கவில்லையா? முந்தைய சென்னியம்மாளாக இருந்தால் இந்நேரம் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பாள். இப்போது எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த முகத்தை வைத்து ஒன்றையும் முடிவுகட்டவில்லை. கட்டத் தெரியவில்லை அவளுக்கு. வெயில் ஏறுகிறது.

இங்கே எனக்கும் வேலை முடிந்தது. "பொறுத்தேன்" என்று நான் எழுதினால் அது என் வார்த்தை. எத்தனையோ கதைகளில் எத்தனையோ பேரைக் கேட்காமலே மன்னிக்க வைத்திருக்கிறேன். இந்தப் பெண்ணை வைக்கமாட்டேன்.

உங்களிடம் விடுகிறேன். ஆனால் ஒன்று. சென்னியம்மாளின் பக்கத்தில் நின்றுகொண்டு பதில் சொல்லாதீர்கள். இவ்வளவு நேரம் அவள் கூடவே வந்ததால் உங்களுக்கும் எனக்கும் பொறுத்துக்கொள்வது எளிது. எழுந்து அந்தப் பக்கம் போய், சௌந்திரத்தின் இடத்தில் தரையில் உட்காருங்கள். வயிற்றில் கையை வையுங்கள். அங்கே அசைகிறது.

சடையன் மூன்றாந்தரமும் கேட்டுவிட்டான்.